இரண்டாவது அரிசிப் பை

எங்கள் கோயிலின் பாதுகாவலரான புனிதர் ஒரு பழைய போப்பாண்டவர். ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன் ரோமாபுரியில் இருந்தவர். பதவி வேண்டாம் என்று ஒளிந்துகொண்டவரைத் தேடிப்பிடித்து உட்கார வைத்தார்களாம். ஊருக்குள் கொள்ளைநோய், வெளியே எதிரிப்படை, அவருக்கோ தீராத வயிற்றுவலி. அதோடேயே பதினான்கு வருடம் ஆண்டார். செஞ்சி பஜாரில் யாராவது கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொள்கிற எனக்கு, அவர் ஒளிந்துகொண்ட இடம்தான் பிடிக்கும்.

திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாளும் மாலை ஜெபத்தில் அவர் சரித்திரத்தை ஆளுக்கொரு பக்கம் வாசிப்போம். இந்த வருடம் ஏழாம் நாள் எனக்கு விழுந்தது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவன் என்பதால் ஜெபத்தை நடத்தும் உபதேசியார் தாளை முன்கூட்டியே கொடுத்திருந்தார். ரோமாபுரியில் ஒரு பிச்சைக்காரர் பட்டினியால் செத்துக் கிடந்தார், தானே அவரைக் கொன்றதாக நினைத்துப் போப்பாண்டவர் பல நாள் பூசை வைக்கவில்லை என்று அதில் இருந்தது.

பிடி அரிசி சேர்ப்பது என் வேலை. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே போட்டு வைப்பார்கள். ஞாயிறுதோறும் அதை வாங்கி, இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது நான் யாரையும் கூப்பிட மாட்டேன். கதவுக் கொண்டியில் பையை மாட்டிவிட்டு வந்துவிடுவேன். வாங்குகிறவருக்கும் அதுதான் கூச்சமில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, தெருக்கோடியில் தனியாக இருந்த பெரியவர் வீட்டில் போன வாரப் பை அப்படியே தொங்கியது. மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருப்பார் என்று இரண்டாவது பையைப் பக்கத்தில் மாட்டினேன். செவ்வாய்க்கிழமை கதவை உடைத்தார்கள். விழுந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறார். உயிர் போய் ஒரு நாள்தான் ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பைகளைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் பிச்சைக்காரர் வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "அஞ்சாவது படிச்சவங்கிட்ட குடுத்தா இப்படித்தான்" என்றாள். சிரித்தார்கள்.

உபதேசியார் கிட்டே வந்து, "இன்னாப்பா, எழுத்து தெரியலயா?" என்றார்.

"எழுத்து தெரியுது. ரெண்டாவது பைய மாட்டும்போது பெரியவரு உள்ள உசுரோடதான் இருந்தாரு. நான் கதவ தட்டல."

மைக் என் வாய்க்கு நேராகவே இருந்தது. உபதேசியார் தாளை வாங்கி மீதியை வாசித்தார். போப்பாண்டவர் மறுபடி எப்போது பூசை வைத்தார் என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். அது அந்தப் பக்கத்தில் இல்லை.

அடுத்த ஞாயிறு நான் போவதற்குள் எல்லா வாசலிலும் அரிசி டப்பாவை எடுத்து வைத்திருந்தார்கள். யாரும் வெளியே இல்லை. டப்பாவைத் தொடாமல் முதல் கதவைத் தட்டினேன். உள்ளே டிவி சத்தம் நின்றது. யாரும் வரவில்லை. மறுபடி தட்டினேன்.