எதிர்ச்சுவர்க்காரன்

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, மனைவி பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்பதை மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் 'ஏழரை' என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர் திரைச்சீலையை இழுத்து மூடுவார். ரிமோட்டை எடுப்பார். 'யார் பார்க்கிறீர்கள்?' என்று தொலைக்காட்சி கேட்கும். கண்ணாடி போட்ட ஊதா நிற யானைப் படத்தின் மேல் வைத்து அழுத்துவார். அந்த யானை அவருடையது அல்ல, மனைவியுடையது. பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தடவி, லாரி எஞ்சினைக் கழற்றி மாட்டும் தொடர் ஒன்றைத் தேடிப் பிடித்து ஓடவிடுவார். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செய்தித்தாளின் குறுக்கெழுத்தில் இறங்கிவிடுவார்.

லாரி மேல் அவருக்கு எந்த ஆசையும் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கவே ஆள் தேடுகிறவர். லாரி முடிந்தால் மல்யுத்தம். மல்யுத்தம் முடிந்தால் பேசும் முயல்குட்டிகள். மதியத்துக்கு மேல், ஏரிக்கரையில் தொப்பி போட்டுக்கொண்டு தூண்டிலோடு காத்திருக்கும் கிழவர்கள். அது ஒன்றே மூன்று மணி நேரம் போகும். நடுவில் படம் சட்டென்று நின்று, 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று எழுத்து வரும். அதற்கு மட்டும் திரும்புவார்.

"இருக்கேன், இருக்கேன். எங்க போயிடப் போறேன்? உன்னை ஒரு வழி பண்ணாம எழுந்திருக்க மாட்டேன்" என்பார். 'ஆம்' என்பதை அழுத்திவிட்டு மறுபடி முதுகைக் காட்டுவார்.

மனைவி வர அரை மணி இருக்கும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தொலைக்காட்சியின் பின்பக்கம் கையை விட்டுப் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல. சூடாக இருந்தால் அதே செய்தித்தாளை மடித்து, சூடு ஆறும் வரை அதற்கு விசிறிக்கொண்டிருப்பார்.

ஏழரை என்பது பட்டப்பெயர். கேட்டவுடன் யாரும் ஜாதகத்தைப் புரட்ட வேண்டாம். இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் இருக்கும் காலணிக் கடையில் அவர் இருபத்தொன்பது வருடமாக விற்பனையாளர். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் தன் அளவு எட்டு என்று அடித்துச் சொன்னார். இவர் ஏழரைதான் என்று நின்றார். அரை மணி நேரம் வாக்குவாதம். கோபித்துக்கொண்டு போன ஆசாமி மறுநாள் தலையைச் சொறிந்தபடி வந்து ஏழரையையே வாங்கிப் போனார். அன்றைக்குக் கடை வைத்த பெயர் அது. அவரும் அதைப் பட்டமளிப்பு விழாவில் வாங்கியதுபோலவே வைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைக்குள் நுழைகிறவரின் முகம் அவருக்குத் தேவையில்லை. "வாங்க" என்று சொல்லும்போதே கண் கீழே போய்விடும். அகலப் பாதம், உயர்ந்த வளைவு, இடது கால் ஒரு நூல் பெரிது, எல்லாம் பதிவாகிவிடும். கால் அளக்கும் இரும்புத் தகடு ஒன்று கடையில் இருக்கிறது. அதைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கத்தான் அவர் பயன்படுத்துவார். ஏணியில் ஏறி ஒரே ஒரு பெட்டியோடு இறங்குவார்.

"நாலு டப்பாவைத் தூக்கிட்டு வர்றவனுக்கு சேல்ஸ் தெரியாது, சுமக்கத்தான் தெரியும்" என்பது அவருடைய கொள்கை. என்ன வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்பதும் அவருக்கு இழுக்கு. "கேட்டுட்டு எடுத்துக் குடுக்கறதுக்கு நான் எதுக்கு? பார்த்தா தெரிய வேணாமா?"

இதே ஏணியை வீட்டிலும் இருபத்தேழு வருடமாகப் போட்டு வைத்திருந்தார். மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "உட்காருங்க, ஒண்ணும் வலிக்காது" என்று பொய் சொல்லிவிட்டு, ஆறரைக்கு வீட்டுக்கு வருவாள். ஏழரை மணிக்கு இருவரும் ஒரு படமோ தொடரோ பார்ப்பார்கள். எதைப் பார்ப்பது என்பது எப்போதும் அவர் பாடு. முதலில் வாடகைக்கு வாங்கி வந்த வட்டுகள், அப்புறம் கேபிளில் வரும் சேனல்கள் என்று எது மாறினாலும் தேர்ந்தெடுக்கும் கை மட்டும் மாறவில்லை. கல்யாணமான முதல் வருடத்தில் ஒருநாள், படம் முடிந்து விளக்கைப் போட்டதும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எப்படித்தான் எனக்குப் பிடிச்சதா பார்த்து எடுத்துட்டு வர்றீங்களோ!"

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார் மனிதர்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன், அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அந்தத் தொலைக்காட்சியை அனுப்பிவைத்தபோதுதான் வினை வந்தது. மாட்ட வந்த இரண்டு பேரும், எதிர்ச்சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி, "இதை எங்க சார் வைக்கறது?" என்றார்கள். அது நடைவழிக்குப் போனது, குடைக்குப் பக்கத்தில். மறுவாரம் மகனே வந்து எல்லாம் சரிசெய்தான். அம்மாவுக்கு யானை. அதற்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் முகமே இல்லாத ஒரு தலை, அடியில் 'விருந்தினர்'.

"எனக்கு?" என்று கேட்டார்.

"நீங்க அம்மாகூடத்தானேப்பா பார்ப்பீங்க? தனியா பார்க்கணும்னா விருந்தினர்ல போயிக்குங்க."

வாடகையோ சொந்தமோ, வீடு அவர் பெயரில் இருந்தது. அதில் விருந்தினர்.

மூன்றாவது நாள் தொலைக்காட்சி வேலையைக் காட்டியது. 'உங்களுக்காக' என்று ஒரு வரிசை. அதில் முதலாவதாகப் பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில், லேசாக நொண்டி நடக்கும் ஒரு போலீஸ்காரி கொலைகளைத் துப்பறியும் தொடர். மனைவி சும்மா அழுத்தினாள். இரண்டு பாகம் அசையாமல் பார்த்தாள். மூன்றாவது தொடங்கும்போது, கையில் ஆறிப்போன டீயோடு சொன்னாள்:

"என்னங்க, எப்படித்தான் எனக்குப் பிடிச்சதா பார்த்து எடுத்துட்டு வருதோ!"

ஏழரைக்குத் தேநீர் புரையேறிவிட்டது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அன்றிலிருந்து அவர் வாயில் தொலைக்காட்சி அஃறிணை இல்லை. "இன்னிக்கு என்ன சொல்றான்?" என்பார் செருப்பைக் கழற்றும்போதே.

"யாருங்க?"

"அதான், உன் எதிர்ச்சுவர்க்காரன்."

அவள் சிரித்தாள். சிரித்ததுதான் இன்னும் எரிந்தது. முன்பெல்லாம் கைப்பையை வைத்ததும் அன்றைக்கு வந்த பற்களின் கதையைச் சொல்வாள்; ஊசியைக் கண்டு ஓடிப்போனவர், பல்செட்டைப் பேருந்தில் விட்டுவிட்டவர். இப்போது பையை வைக்கும் கையே ரிமோட்டையும் எடுத்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து குற்றம் கண்டுபிடித்தார்.

"அந்தப் பொம்பளைக்கு பூட்ஸ் ஒரு சைஸ் பெரிசு. அதான் நொண்டறா. குண்டடியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"ஐயோ, சும்மா பாருங்களேன்."

"பார்த்துட்டுத்தானே சொல்றேன்."

இதற்கான மருந்து அவருடைய காலணிக் கடையிலேயே கிடைத்தது. காசாளர் பெண் ஒருநாள் மதியம் புலம்பிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரர் என்னோட கணக்குல போய் ஒரே ஒரு பேய்ப்படம் பார்த்துட்டாருண்ணே. ரெண்டு வாரமா எனக்குப் பேயாவே காட்டுது. நாம எதைப் பார்க்கறோமோ, அதுதான் நமக்குப் பிடிக்கும்னு நினைச்சுக்குது முண்டம்."

"அப்படியா?" என்றார் ஏழரை. கையில் இருந்த காலணிப் பெட்டியை அலமாரியில் தலைகீழாகச் செருகினார். அவர் வாழ்நாளில் அப்படிச் செருகியதில்லை.

அவருக்குப் புதன்கிழமை வார விடுமுறை. மனைவிக்கு இல்லை.

மூன்று புதன்கிழமைகளில் எதிர்ச்சுவர்க்காரன் கவிழ்ந்தான். ஒரு வியாழக்கிழமை மாலை மனைவி ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க" என்றாள். 'உங்களுக்காக' வரிசையில் கழுத்து இல்லாத இரண்டு மல்லர்கள், ஒரு டீசல் எஞ்சின், தொப்பிக் கிழவர், முயல்கள். போலீஸ்காரியின் தொடர் என்றைக்கோ முடிந்துவிட்டது. அடுத்து எதைப் பார்ப்பது என்று அவளுக்கு வழிகாட்டத் திரையில் ஆளில்லை.

இந்த நிமிடத்துக்காகத்தான் ஏழரை இத்தனை மீன் பிடித்தார்.

"மெஷினுக்கு என்னம்மா தெரியும்? பாவம், அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். குடு இப்படி" என்று பெருந்தன்மையாகக் கையை நீட்டினார். அச்சில் வார்த்ததுபோல இருக்கும் அண்ணன் தம்பி இருவர் ஆள் மாறி அடிக்கும் கூத்தைப் போட்டார். இப்படி ஒன்றைப் பார்த்து அவள் வயிறு வலிக்கச் சிரித்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் சரியாகச் சிரித்தாள். அரை மணி கழித்து, துவைத்த துணிகளை எடுத்து வந்து மடிக்க ஆரம்பித்தாள். ஏழரை ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவருக்குப் பழக்கமான முகம். தினமும் கடையில் பார்க்கிற முகம். விரலைக் கவ்வும் செருப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நாலு அடி நடந்துவிட்டு, எடுத்துக் கொடுத்தவர் மனம் நோகக் கூடாதே என்று, "பரவாயில்ல, போடப் போடச் சரியாயிடும்" என்று சொல்கிறவர்களின் முகம்.

"நல்லா இல்லையா?" என்றார்.

"நல்லாத்தாங்க இருக்கு."

"இல்ல, பிடிக்கலேன்னா சொல்லு."

"அதான் நல்லாருக்குன்னு சொல்றேனே."

எத்தனை வருடமாக இந்த முகம் என்று கேட்க நாக்கு எழுந்தது. பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் படுத்துவிட்டது. எதிர்ச்சுவர்க்காரன் கொண்டுவந்து கொடுத்ததற்கு டீயை ஆறவிட்டவள், இவர் கொண்டுவந்து கொடுத்ததற்குத் தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தாள். எட்டு உறை. வீட்டில் இருந்த எல்லா உறையும்.

மறுநாள் சாயங்காலம் மகனின் தொலைபேசி அழைப்பு. மனைவி அதை ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தாள்.

"டேய், இந்த டிவி லூசு மாதிரி பண்ணுதுடா. எனக்குப் போயி லாரியெல்லாம் காட்டுது."

"லாரியா? இரும்மா, கணக்கு என்கிட்டதானே இருக்கு, இங்கேர்ந்தே பார்க்கறேன்." கொஞ்ச நேரம் தட்டும் சத்தம். பிறகு சிரிப்பு. "அம்மா, மூணு வாரமா புதன்கிழமை புதன்கிழமை உட்கார்ந்து பார்த்திருக்காங்க யாரோ. மல்யுத்தம், முயல்... ஒன்பது மணி நேரம் மீன் பிடிச்சிருக்கீங்க! யாரும்மா அது? அப்பாவா?"

ஏழரை குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்தின் மேல் பேனாவை வைத்தபடி இருந்தார். அந்தக் கட்டத்தில் மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.

மனைவி அவரைப் பார்த்தாள். அவசரமில்லாமல், தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். புதன்கிழமைகளில் அவர் ஏன் அவ்வளவு கரிசனமாக ஜன்னலில் நின்று கையசைத்தார் என்பது உட்பட எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாகப் பொருந்தி வருவதை அவரால் பார்க்க முடிந்தது.

"நான்தான்டா" என்றாள்.

"நீயா? புதன்கிழமை நீ ஆஸ்பத்திரியில இல்ல இருப்ப?"

"அங்கேர்ந்துதான். போன்ல போட்டுட்டு வேலையைப் பார்ப்பேன். ஏன், நான் மீன் பிடிக்கக் கூடாதா?"

"தாராளமா பிடிம்மா" என்று சிரித்தான் மகன். "சரி, இப்ப என்ன பண்ணணும்?"

"எல்லாத்தையும் துடைச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சுக் குடு."

"துடைச்சாச்சு. அது புதுசா கேட்கும். உனக்குப் பிடிச்சதா ஒரு மூணு படத்தை எடுத்துக் குடுத்துடு, போதும். அப்பாகிட்ட சொல்லிடு, வச்சிடறேன்."

அழைப்பு முடிந்தது. ஏழரை ஏதாவது வரும் என்று காத்திருந்தார். திட்டு, கேலி, குறைந்தபட்சம் ஒரு பெருமூச்சு. மனைவி எழுந்து போய் ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து உட்கார்ந்தாள். தொலைக்காட்சியைப் போட்டாள். 'உங்களுக்குப் பிடித்தவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள்' என்று எழுதி, கீழே சிறிதும் பெரிதுமாக நாற்பது ஐம்பது படங்கள். ரிமோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே எடுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

அதில் குத்தல் இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கை பழக்கத்தில், தலைப்பாகை மாறிக்கொண்டு இரண்டு பேர் பல்லிளிக்கும் படத்துக்குப் போய் நின்றது. கட்டைவிரல் அழுத்த மறுத்தது. ஒரு கப்பல். ஒரு நீதிமன்றம். மழையில் ஓடும் குதிரை. ஒரு மூதாட்டியும் தையல் இயந்திரமும். எதுவும் எதையும் சொல்லவில்லை. 'உனக்கு எது?' என்று கேட்டுவிடலாம். இரண்டே வார்த்தை.

மனைவி தோலில் நகத்தை நுழைத்து, அறாமல் நாடாவாகச் சுற்றி உரித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் திரையில் இருந்தது.

ஏழரை திரையைப் பார்ப்பதை விட்டார். முகத்தை அவள் பக்கம் திருப்பி, அந்த விரல்களையே பார்த்தபடி, ரிமோட்டை ஒரு படம் நகர்த்தினார். காத்திருந்தார். தோல் சுருண்டு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று நகர்த்தினார். விரல்கள் நிற்கவில்லை. இன்னொன்று. இன்னொன்று. இரண்டாவது வரிசை முடிந்து மூன்றாவதுக்கு வந்தபோது, விரல்கள் நின்றன. பாதி உரிந்த தோல் காற்றில் தொங்கியது.

அது என்ன படம் என்று திரும்பிப் பார்க்காமலே அழுத்தினார்.