கைகாட்டினால் நிற்காத வண்டி

என் வீட்டுக்காரர் பிக்கப் வண்டி வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவருக்கு மைலேஜ் கவலை. எனக்கு அப்பா கவலை. இரண்டுக்கும் காரணம் அந்தப் பாழாய்ப்போன வண்டிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தோம். கல்யாணத்தின்போது அப்பா போட்டுக்கொடுத்த தறிகள். கரண்ட் இருந்தால் நூல் இருக்காது, நூல் இருந்தால் கரண்ட் இருக்காது. ஒருநாள் மனுஷன் அத்தனையையும் விற்றுவிட்டு, யாரோ ஓட்டித் தேய்த்த டீசல் பிக்கப் ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அன்னூர்ப் பக்கத்து மில்லிலிருந்து நூல் மூட்டை ஏற்றிவந்து சோமனூர்த் தறிக்காரர்களுக்கு இறக்குகிற வேலை. அன்னூரில் தோட்டத்தில் இருந்த அப்பாவுக்குச் சேதி போனது. "தறியை வித்துப்போட்டு டப்பா வண்டி வாங்குன ஊட்டுல எனக்கென்ன சோலி?" என்றார். அதோடு எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. பொங்கல், தீபாவளி என்று ஒவ்வொரு நோம்பிக்கும் நான் போவேன், வருவேன். இன்றைக்காவது வருகிறேன் என்று சொல்வாரா என்று அவர் வாயையே பார்ப்பேன். சொல்லமாட்டார். பஸ் ஏறித் திரும்பிவிடுவேன்.

இவர் என்னடாவென்றால் வேறு உலகத்தில் இருந்தார். வண்டியை விற்றவன் லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் தரும் என்று சத்தியம் செய்திருந்தான். ஒன்பதுகூட வரவில்லை. விடியுமுன் எழுந்து டயரை உதைத்துப் பார்ப்பார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவார். மைலேஜ் கணக்குப் பிசகக்கூடாதென்று பங்க்கில் டேங்க் வழிய வழிய டீசல் போடச் சொல்வார். நுரை அடங்கட்டும் என்று வண்டியைப் பிடித்து ஆட்டிவிட்டு, மறுபடி போடச் சொல்வார். பின்னால் நிற்கிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே உயிரை எடுப்பார்கள். நான் ஒருநாள் முன்சீட்டில் ஏறினால், "அந்தப் பை எதுக்கு அம்மணி? கனமாட்ட இருக்குதே" என்பார். அடுத்து என்னையே எடை போடுவாரோ என்று இருந்தது.

கடைசியில் கோயமுத்தூர் மெக்கானிக் ஒருவர் இன்ஜினுக்குள் டீசல் பீய்ச்சுகிற நாசிலைச் சுத்தம் செய்துகொடுத்துவிட்டு ஒரு புத்தியும் சொல்லி அனுப்பினார். "நிறுத்தி நிறுத்தி எடுத்தா டீசல் குடிக்கத்தானுங்க செய்யும். நாப்பதுல புடிச்சா அப்படியே போயிருங்க."

வந்தது வினை. எங்கள் பக்கத்தில் காலியாகவோ பாதி லோடிலோ ஒரு வண்டி போனால், ரோட்டோரம் நிற்கிறவர்கள் கைகாட்டுவார்கள். நிறுத்தி, "ஏறிக்குங்க" என்று சொல்லித்தான் ஆகவேண்டும். யாரும் அதற்குக் காசு கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை. இவர் நிறுத்துவதை நிறுத்தினார். அன்னூரிலிருந்து கருமத்தம்பட்டி வரை எத்தனை கை நீண்டாலும் நாற்பதிலேயே போய்க்கொண்டிருந்தார். ஊர் சும்மா இருக்குமா? தண்ணிக் குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள். நான் சண்டை போட்டேன். "இன்னும் கொஞ்சந்தான் அம்மணி, பதிமூணைத் தொட்டுருவேன்" என்றார்.

ஒரு மத்தியானம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினார். முகமெல்லாம் பல். "வந்துருச்சு! பதிமூணு வந்துருச்சு!"

அவர் பின்னாலேயே பக்கத்து வீட்டக்கா பஸ்ஸை விட்டு இறங்கி விறுவிறுவென்று வந்தார். "ஏனம்மணி, உங்கப்பா அன்னூர் ஸ்டாப்புல நின்னு இந்த வண்டிக்குத்தான் கைகாட்டுனாரு. கையில ஒரு பை நெறையா முருங்கைக்காய். உங்க ஊட்டுக்காரரு திரும்பிக்கூடப் பாக்கலியே! அப்பறம் பஸ்ஸு வந்துது, 'ஏறுங்க'ன்னேன். அப்படியே தோட்டத்துப் பக்கம் திரும்பிப் போயிட்டாரு."

முருங்கைக்காயோடு நின்றிருக்கிறார் என்றால் எங்கள் வீட்டுக்கு வரத்தானே! இத்தனை நாள் கழித்து அவராக இறங்கி வந்திருக்கிறார், இவர் புழுதியைக் கிளப்பிவிட்டு வந்திருக்கிறார். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். இவர் அப்படியே வெளிறிப்போனார். "சத்தியமா பாக்கலை அம்மணி. மூஞ்சியப் பாத்தா நிறுத்தத் தோணும்னு ரோட்டை மட்டுந்தான் பாத்து ஓட்டுனேன்."

மூட்டையை இறக்கிப்போட்டுவிட்டு இருவரும் அதே வண்டியில் அன்னூருக்கு ஓடினோம். அப்பா வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்னுங்க மாப்பிள்ளை, வண்டியை நிறுத்திப்போட்டீங்க? டீசல் போயிருமுங்களே!"

மரியாதையிலேயே அடிக்கத் தெரிந்தவர் அப்பா. இவர் தலையைத் தொங்கப் போட்டார். "தப்புத்தானுங்க மாமா. ஏறிக்குங்க, ஊட்டுக்குப் போலாம்."

அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். கால் கழுவினார். முருங்கைக்காய்ப் பையை எடுத்துக்கொண்டு நேரே போய் வண்டியின் பின்பக்கம் ஏறினார். முன்னால் உட்காரச் சொன்னேன். "கைகாட்டி ஏறுற ஆளுக்குப் பின்னால போதுங் கண்ணு" என்றார்.

வண்டி அன்னூரைத் தாண்டவில்லை, எங்கள் தலைக்கு மேல் தகரத்தில் அப்பா டம் டம் என்று தட்டினார். யாரோ கைகாட்டுகிறார்கள் என்று அர்த்தம். இவர் நிறுத்தினார். டிபன் கேரியரோடு ஒரு தறிக்காரர் ஏறினார். அரை மைல் போவதற்குள் மறுபடி டம் டம். ஆட்டுக்குட்டியோடு ஓர் அம்மா. கருமத்தம்பட்டி வருவதற்குள் பின்னால் நிற்க இடமில்லை. "இந்த வண்டி நின்னுபோச்சே, இன்னைக்கு மழைதான்!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் இவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. அப்பா வீட்டுக்குள் வருவாரா, வாசலோடு திரும்பிவிடுவாரா என்ற கவலையே மனசில் ஓடியது.

வீடு வந்தது. அப்பா இறங்கினார், நிலைப்படியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபந்தான் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வண்டிக்காகப் பெத்த மகளை இத்தனை நாள் தள்ளி வெச்சுட்டீங்களே! உங்களுக்கு மனசே இல்லீங்களாப்பா?" என்று அழுதுகொண்டே கத்தினேன்.

அப்பா முருங்கைக்காய்ப் பையை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒவ்வொரு நோம்பிக்கும் வந்தியே கண்ணு. போகும்போது ஒருக்காவாச்சும் 'வாங்கப்பா'ன்னு கூப்பிடுவியான்னு பாத்தேன். கூப்பிடவே இல்லையே நீ."