ஹெலன் மறைத்த ஞாயிறுகள்

சூரமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஹெலனுக்கு வாய் கொஞ்சம் நீளம். துணியைக் கொண்டுவந்து நாளைக்கே வேண்டும் என்று நிற்பவர்களை, "அப்ப நேத்தே கொண்டாந்திருக்கலாமில்லீங்க?" என்று மடக்குவாள். மனதில் பட்டதை யாரிடமும் ஒளிக்காத அப்படிப்பட்டவள்தான், பெற்ற மகனிடம் மாதக்கணக்கில் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கணவர் கஸ்பார் இறந்த புதிதில் கல்லறையில் உட்கார்ந்து அழுதழுது மயங்கி விழுந்துவிட்டாள். "இனி அந்தப் பக்கமே போகக்கூடாதும்மா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான் மகன் ஆரோன். சரி என்று தலையாட்டினாள். ஆட்டியது தலை மட்டும்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் அன்பியக் கூட்டம், தெருக்காரர்கள் கூடிச் செய்யும் ஜெபம் என்று சொல்லிவிட்டு நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள். ஐப்பசி மழைக்கு அங்கே புல் முழங்கால் உயரம் மண்டிக் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பிடுங்குவாள். அந்தப் புல்மேலேயே உட்கார்ந்து, யார் எவ்வளவு கூலி பாக்கி, யார் எப்படி ஏமாற்றினார்கள் என்று ஒரு வாரக் கதையையும் கஸ்பாரிடம் ஒப்பிப்பாள். வீட்டுக்கு வந்து அதே சேலையோடு சமைப்பாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. மருந்துக்கடை மாத்திரைக்கு அடங்கவில்லை. தலை பிளந்தது, எழுந்தால் கால் தள்ளாடியது. ஆரோன் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். டெங்கு இல்லை என்று வந்தது. டாக்டர் அனிதா கட்டில் அருகே வந்து நின்றார்.

"உண்ணிக் காய்ச்சலான்னு ஒரு சந்தேகம். புல்லு, புதர்ல இருக்கற பூச்சி கடிச்சு வரும். கண்ணுக்கே தெரியாது. கடிச்ச எடம் மட்டும் கருகின மாதிரி இருக்கும். அப்படி எங்கயாச்சும் போய் உக்காந்தீங்களா?"

"அம்மா கடை விட்டா ஊடு, ஊடு விட்டா கோயிலுங்க டாக்டர்" என்றான் ஆரோன்.

இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் ஒரு கறுப்பு இருப்பது ஹெலனுக்குத் தெரியும். சேலை கட்டும் எவளுக்குத்தான் அங்கே தழும்பில்லை? அதைக் காட்டினால் எங்கே போனாய் என்ற கேள்வி வரும்.

"எங்கயும் போகலீங்க" என்றாள். உடம்பைப் பார்க்க வந்த நர்ஸிடமும், "அது நாடா தழும்பு கண்ணு" என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் மூச்சு வாங்கத் தொடங்கியது. முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரின் குரல் கேட்டது. "ரத்தத்துல பிளேட்லெட் எறங்கிக்கிட்டே இருக்கு. டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்குள்ள மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டியிருக்கலாம்."

ஹெலன் பயந்துபோனாள். ஒரு கணம், போனால் கஸ்பாருக்குப் பக்கத்தில்தானே வைப்பார்கள் என்று ஆறுதலாகவும் இருந்தது. அப்போதுதான் ஆரோன் விசும்புவது காதில் விழுந்தது. அப்பனை அடக்கம் செய்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், அதற்குப் பின் கல்லறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவன், வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அவள் முகமூடியைப் பிடுங்கி எறிந்தாள்.

"டாக்டரம்மா! நான் பொய் சொல்லிப்போட்டேன். அன்பியமுமில்ல ஒண்ணுமில்ல. வாராவாரம் கல்லறைக்குத்தான் போனேன். புல்லுலதான் உக்காந்தேன். இங்க பாருங்க."

நாடாவைத் தளர்த்திப் பார்த்தார்கள். பீடி நெருப்பு பட்டது போல வட்டமாக ஒரு பொருக்கு. பூச்சி கடித்த இடம் இதுதான் என்றார் டாக்டர். உடனே மருந்தை மாற்றினார். மறுநாள் காய்ச்சல் இறங்கியது, அதற்கடுத்த நாள் பசித்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது, புல் பக்கம் போனால் காலும் கையும் மூடியிருக்க வேண்டும், பூச்சி அண்டாத களிம்பு தடவ வேண்டும், தரையில் உட்காரக் கூடாது, திரும்பியதும் துணியை வெந்நீரில் போட்டுக் குளிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். ஆரோன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். ஆனால் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சலைவிட அந்த மௌனம்தான் ஹெலனை வாட்டியது.

உடம்பு தேறிய பிறகு வந்த ஞாயிறு, பூசைக்குக் கிளம்பியவளிடம் முழுக்கைச் சட்டையையும் காலுறையையும் நீட்டினான். களிம்பைத் தானே அவள் காலில் தடவிவிட்டான். பூசை முடிந்ததும் வண்டியைக் கல்லறைத் தோட்டத்துக்கு விட்டான். கஸ்பாரைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது.

"ரெண்டு எதுக்குடா?" என்றாள்.

அவளை ஒன்றில் உட்கார வைத்து, மற்றதில் தான் உட்கார்ந்தான். சிலுவையைப் பார்த்து, "அப்பா, நான் ஆரோன் வந்திருக்கேன்" என்றான்.