ஜெயராணி எழுந்து வந்த கதை

இரண்டு வாரம் முன்பு ஜெயராணி என்னிடம் ஒரு யோசனை கேட்டாள். எங்கள் தெருக்காரி. தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஊரில் அவள் பங்கு நிலத்தை விற்றதில் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. ப்ளஸ் ஒன் படிக்கும் மகளை நர்ஸிங் சேர்க்க அவளிடம் இருப்பது அது ஒன்றுதான்.

"அண்ணே, பணத்தை எதுல போடணும்னு சொல்ல நல்ல ஆளு யாராச்சும் தெரியுமா?"

எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். பத்து வருஷமாக என் முதலீடுகளைப் பார்ப்பவர். அழைத்துப் போனேன்.

அவர் லேப்டாப்பைத் திருப்பினார் — என் பக்கம். பணம் அவளுடையது, பேச்சு முழுக்க என்னோடு.

"பதினஞ்சு வருஷம் தொடாம உட்டாப் போதுமுங்க சார். அப்புறம் இவங்களுக்குக் கவலையே இல்லீங்க."

ஜெயராணி மெதுவாகக் கேட்டாள். "பிள்ளை ரெண்டு வருஷத்துல காலேஜ் போவா. அப்ப எடுக்க முடியுமா சார்?"

"நடுவுல எடுத்தா கொஞ்சம் நஷ்டமாகுமுங்க..." என்று இழுத்தவர், படிவத்தை நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்துங்க."

"யோசிச்சுச் சொல்லுதேன் சார்." எழுந்துவிட்டாள்.

படியிறங்கும்போது எனக்குக் கோபம். முகத்தில் அடித்தாற்போல் இப்படியா எழுந்து வருவது?

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. எம் மக என்ன படிக்கப் போறான்னுகூட அவரு கேக்கலையே."



அடுத்த ஞாயிறு, அவள் கம்பெனி அக்கவுன்டன்ட் சொன்ன இடத்துக்குப் போனோம். அவிநாசியில் ஒரு பெண்மணி. வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். முதலில், முதலீட்டு ஆலோசகர் என்ற பதிவுச் சான்றிதழைக் காட்டினார். தனக்கு ஃபீஸ் மட்டும்தான், எந்தக் கம்பெனியிடமும் கமிஷன் கிடையாது என்றார். பிறகு முக்கால் மணி நேரம் ஒரே கேள்விகள். கடன் இருக்கிறதா? மருத்துவக் காப்பீடு? மகளுக்கு எப்போது பணம் வேண்டும்? எல்லாம் ஜெயராணியைப் பார்த்தே. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் சொன்னார். "ரெண்டு வருசத்துல வேணுங்கற காசுங்க. பேங்க் டெபாசிட்லயே போடுங்க. வேற எதுவும் வேண்டாமுங்க."

அவ்வளவுதானா? அவ்வளவுதான். ஜெயராணி ஃபீஸைக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வந்ததும் மகளுக்கு போன் போட்டாள். "உன் பணம் பத்திரமா இருக்கும்ட்டி. நீ படிக்கிற வேலையைப் பாரு."

மறுநாள் என் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நான் தனியாக அவிநாசி போனேன். பெண்மணி தாள் தாளாகப் புரட்டினார்.

"ஏனுங்க, இதையெல்லாம் எதுக்காக எடுத்தீங்க?"

பத்து வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. ஏன், நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது — என் பழைய ஆலோசகர் 'சார், சார்' என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.