சந்தனம் அரைத்த நட்சத்திரம்

யுத்தத்துக்குப் பயந்து பட்டணமே காலியான வருஷம் அது. எங்கள் திருத்தணியில் ஒரு அறை மிச்சமில்லாமல் பட்டணத்துக் குடும்பங்கள் வந்து நிறைந்துவிட்டன. எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கும் ஒரு அம்மாளும் அவருடைய அண்ணன் மகளும் குடிவந்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் என்னைப் போலப் பதினைந்து, பதினாறு வயதிருக்கும். வீட்டுக்குள்கூட முந்தானையால் தலையை மூடிக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் கிணற்றடியில் அவள் தலை குளிக்கும்போது பார்த்துவிட்டேன். முழங்காலைத் தொடும் கூந்தல்! அந்தக் கூந்தலைத் தெரியாதவர்கள் அன்றைக்கு உண்டா? டெண்ட் கொட்டகையில் அவள் படத்தைப் பார்த்து மூக்கைச் சிந்தியவள்தானே நானும். "நீயா!" என்று நான் கத்த, ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள். சின்னக் குழந்தையிலிருந்து நடிக்கிறாளாம். தாய்மாமன்காரன் அவளைக் கேட்காமலே அடுத்த படத்துக்கும் ஒப்புக்கொண்டுவிட்டானாம். கொஞ்ச நாளாவது எல்லோரையும் போல இருக்க ஆசைப்பட்டு அத்தையோடு ஓடி வந்திருக்கிறாள். தெரிந்தால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. கோயில் குளக்கரையில் எங்கள் நைனாவுக்குச் சந்தனக் கடை. மொட்டை போட்டு வருகிறவர்கள் தலையில் பூசச் சந்தனம் அரைத்துக் கொடுப்போம். அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து அரைக்கப் பழகினாள். முதல் நாள் அவள் அரைத்தது தண்ணீராய் ஓடியது. "சினிமாவுல அழுவுறதுன்னு நெனச்சிக்கினியா?" என்று கேலி செய்தேன். கல்லின் ஓரத்தைச் சுண்டுவிரலால் வழிக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

ஒரு காலையில் சேதி வந்தது. சினிமாக் கம்பெனி ஆள் ஒருவன் அவள் போட்டோவை வைத்துக்கொண்டு வீடு வீடாக விசாரிக்கிறானாம். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"பேசாம மொட்டை போட்டுக்கோ. உங்க மாமனுக்கே அடையாளம் தெரியாது" என்று விளையாட்டாகத்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் வேண்டிக்கொண்டு மொட்டை போடுவது சகஜம். அவள் உடனே எழுந்து போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மத்தியானம் அந்த ஆள் எங்கள் கடைக்கே வந்தான். அவளைச் சினிமாவில் மட்டுமே பார்த்தவன். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்துகொண்டிருக்க, அவளே கை நீட்டிப் போட்டோவை வாங்கினாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு? நல்லா கீறா!"

"சினிமாவுல வருதே, தெரியாதா? இங்க எங்கனா பாத்தியாமா?"

"இம்மாம் முடியோட வந்தா தெரியாம பூடுமா? இங்க வரலீங்க."

அவன் அவளை நேருக்கு நேராகப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போயே போய்விட்டான்!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு, "அப்போ இத்தினி நாளா எல்லாரும் பாத்தது என் முடியைத்தானாடீ?" என்று கேட்டாள். அவள் மறுபடி அரைக்க ஆரம்பித்தாள்.

முடி தோளைத் தொடும் வரை எங்களோடு இருந்தாள். குடம் தூக்கினாள், சந்தையில் பேரம் பேசினாள், என்னோடு சண்டை போட்டாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு, "இப்ப நானாத்தான் போறேன், யாரும் இழுத்துகினு போவலை" என்று சொல்லிவிட்டுப் பட்டணத்துக்கு ரயிலேறினாள்.

சில வருஷம் கழித்து டெண்ட் கொட்டகைக்கு அவள் படம் வந்தது. ராஜகுமாரி வேஷம், பழையபடி நீளக் கூந்தல். ஒரு காட்சியில் சந்தனம் அரைத்தாள். கல்லின் ஓரத்தைச் சுண்டுவிரலால் வழித்தாள். எல்லோரும் கூந்தலைப் பார்த்து வாயைப் பிளக்க, நான் அந்த விரலைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன். யாரையாவது எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், மொட்டைத் தலையோடு அவள் கேட்ட அந்தக் கேள்வி இன்றும் என்னைத் தடுத்து நிறுத்துகிறது.