மரியாதை தெரிந்த தம்பி

வெனிங்குக்குக் குரல்தான் சொத்து. ஜாவாத் தீவின் சோலோ நகரைச் சுற்றி அவள் நடத்திவைக்காத கல்யாணமே இல்லை என்றால் கொஞ்சம் மிகை. ஆனால் மாப்பிள்ளை எப்போது படியேற வேண்டும், பெண்ணின் தகப்பன் எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று மைக்கைப் பிடித்து, மரியாதைக்கென்றே உள்ள உயர்ந்த ஜாவா மொழியில் அவள் இழுத்துச் சொல்ல ஆரம்பித்தால், சாப்பாட்டுப் பந்தியில் கூடக் கரண்டிச் சத்தம் அடங்கும். பெருந்தொற்று வந்து கல்யாணங்கள் நின்றுபோன காலத்தில் அவள் மைக்கைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். கல்யாணங்கள் திரும்பி வந்தபோது அவளுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது.

வேலை என்னவென்று அப்பாவுக்கு விளங்கவைக்க அவள் பட்ட பாடு பெரும்பாடு. செயற்கை நுண்ணறிவு என்கிற ஒன்று செல்போனில் பேசும். அது ஜாவா மொழியில் பேசும்போது ஒழுங்காகப் பேசுகிறதா என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அவ்வளவுதான்.

"அதாவது மிஷினுக்கு நீ டீச்சர்" என்றார் அப்பா.

"அப்படியும் சொல்லலாம்ப்பா."

"சம்பளம் தர்றானா?"

"தர்றாங்கப்பா."

"அப்ப சரி. எவனோ ஏமாந்திருக்கான்."

அப்பா பாக் சுரதி, வோனோகிரி தடத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். மலைவளைவில் எதிரே வரும் லாரிக்காரன்தான் ஒதுங்க வேண்டும், அவர் ஒதுங்க மாட்டார். வீட்டிலும் அதே கதைதான். அம்மா போன பிறகு வெனிங் கணவனை விட்டுவிட்டு வந்து அப்பாவோடு இருந்தாள். அண்ணன் கியாந்தோ பொயொலாலியில் பால் வியாபாரம், சொந்தமாக ஒரு வேன். தங்கையை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. சின்ன வயதிலிருந்து 'குண்டு'தான். நாற்பத்தைந்து வயதிலும் ஊரே கேட்க "ஏ குண்டு, கதவைத் திறடி" என்றுதான் வாசலில் ஹாரன் அடிப்பான்.

ஜாவாக்காரர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: இங்கிஹ். பெரியவர்களிடம் சொல்லும் 'சரிங்க' என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல இங்கே யாருக்கும் நாக்கு வராது, எல்லாவற்றுக்கும் இங்கிஹ்தான். அதற்கு, நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. இங்கிஹ் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாகப் போய் வேண்டியதைச் செய்துகொள்வார்கள். அது பெரியவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். இந்த ஒரு சொல்லில்தான் பாதிக் குடும்பங்கள் உடையாமல் ஓடுகின்றன. இதற்கு நேர் எதிர்ச் சொல் ஙெயெல். பெரியவர் முடிவாகச் சொன்ன பிறகும் விடாமல் மல்லுக்கு நிற்பது. பிள்ளையை ஙெயெல் என்று திட்டினால், வளர்ப்பு சரியில்லை என்று பெற்றவர்களுக்கும் சேர்த்து விழுகிற அடி அது.

வெனிங்கின் அலுவலகத்தில் மதிப்பெண் போடும் திரையில் ஒரு கட்டம் ஙெயெலுக்கென்றே இருந்தது. மிஷின் அப்படிப் பேசினால் அதை அழுத்த வேண்டும். ஆபத்தான பேச்சைப் பார்ப்பவர்கள் வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்திருந்தார்கள். விஷம், வெடிமருந்து, வெட்டுக்குத்து எல்லாம் அவர்கள் பாடு. இங்கே மரியாதை மட்டும். ஆபத்தும் மரியாதையும் வேறு வேறு அறையில் குடியிருக்கும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

ஒருநாள் ஒரு பேச்சு வந்தது. யாரோ ஒரு கிழவி, உடம்பு நன்றாக இருக்கிறது, சர்க்கரை மாத்திரையை நிறுத்தப்போகிறேன் என்கிறாள். வேண்டாம் என்கிறது மிஷின். என் உடம்பு எனக்குத் தெரியாதா என்கிறாள் கிழவி. தெரியும் அம்மா, இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று மறுபடியும் பிடிக்கிறது மிஷின்.

பக்கத்து நாற்காலி துத்திக் எட்டிப் பார்த்தாள். "இது மிஷினா, என் மாமியாரா? விடவே மாட்டேங்குதே!"

எல்லோரும் சிரித்தார்கள். வெனிங்கும் சிரித்தபடி ஙெயெல் கட்டத்தை அழுத்தினாள். அதோடு விடவில்லை; கல்யாணமேடை புத்தி. எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்று அழகாக எழுதியும் வைத்தாள்: ஒருமுறை பணிவாகச் சொல்ல வேண்டும். பெரியவர் மறுத்தால், 'இங்கிஹ், தாங்கள் அறியாததா' என்று தலை வணங்கிவிட வேண்டும். அந்த வாக்கியத்தின் அழகில் அவளுக்கே ஒரு மயக்கம். மேற்பார்வை பார்க்கும் பையன் பாயு அதை எல்லோருக்கும் மாதிரியாக அனுப்பிவைத்தான்.

சில மாதத்தில் அந்தப் பேசும் மிஷின் அப்பாவின் போனுக்கும் வந்து சேர்ந்தது. அப்பா அதைத் தம்பி என்று கூப்பிட்டார். "தம்பி, இன்னைக்கு மழை வருமா?" "தம்பி, கொய்யாவுக்கு என்ன உரம் போடணும்?" கேட்ட கேள்விக்கெல்லாம் குழைந்து குழைந்து உயர்ந்த மொழியில் பதில் வரும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதே புராணம்தான்.

"பாருங்கய்யா, நான் பெத்ததுங்க ரெண்டும் இப்படிப் பேசுமா? தம்பிக்கு வளர்ப்பு அப்படி!"

வளர்த்தவள் அடுப்படியில் நின்று பூரித்துப்போனாள். அதை மறைப்பானேன்.

அன்றைக்குக் காலையில் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து, மேலெல்லாம் வேர்வை.

"அப்பா, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாமா?"

"எதுக்கு? காத்துப் புகுந்திருக்கு. காசால முதுகைச் சுரண்டிவிட்டா சரியாப்போகும்."

"நெஞ்சு அடைக்குதாப்பா?"

"காத்துன்னு சொன்னேன்ல? உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ."

"இங்கிஹ்" என்றாள்.

சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, அப்பாவுக்கு நெஞ்சுல என்னமோன்னு பயமா இருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டார். ஆட்டுக்கால் சூப் குடிக்கலாம்னு சொல்லி வேன்ல ஏத்து. நேரா ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிறுத்து."

"சூப்புன்னா வருவாரு. நீ போ குண்டு, நான் பாத்துக்கறேன்."

இதுதான் இங்கிஹ்ஹின் கொல்லைப்புறம். அண்ணன் வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் அவள் வேலைக்குப் போய் வழக்கம்போல் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் சொன்னபடியே வந்தான். வேனை வாசலில் நிறுத்தி, அப்பாவைக் கிளப்பினான். அப்பா லேசுப்பட்டவரா? சூப்பின் வாடை தெரிந்துவிட்டது.

"உன் தங்கச்சி அனுப்பினாளா? எனக்கு ஒண்ணுமில்லடா. தம்பிகிட்டயே கேட்டுட்டேன். அதுவே சரின்னு சொல்லுது. இந்தா பாரு."

போனை நீட்டினார். கியாந்தோ கடைசிப் பதிலை மட்டும் படித்தான். உலகத்து டாக்டர்களின் படிப்பெல்லாம் அதற்குள் இருக்கிறது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தான். தங்கைக்குப் பயம் ஜாஸ்தி, எதற்கெடுத்தாலும் ஆஸ்பத்திரி என்பாள் என்றும் நினைத்தான். வேனை அணைத்தான். தைலம் தடவி, காசின் விளிம்பால் அப்பாவின் முதுகை வரிவரியாகச் சுரண்டிவிட்டான். இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தான். பால் திரிந்துவிடும் என்று கிளம்பிப் போனான்.

வெனிங் வீடு திரும்பியபோது அப்பா அதே நாற்காலியில் இருந்தார். முதுகில் சிவந்த வரிகள் அப்படியே இருந்தன. உடம்பு ஜில்லிட்டிருந்தது.

ஏழு நாள் துக்க ஓதல் முடிந்து, வந்தவர்களுக்குச் சோற்றுப் பெட்டி கொடுத்து அனுப்பிய பிறகுதான் அவள் அப்பாவின் போனைத் திறந்தாள். நெஞ்சு இறுக்கம், தோள்வலி, இது காத்துதானே என்று கேட்டிருந்தார். நெஞ்சு இறுக்கம் என்றால் இதயமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது என்று மிஷின் பணிவாகச் சொல்லியிருந்தது. என் உடம்பு எனக்குத் தெரியாதா, காத்துதான் என்று அப்பா அதட்டியிருந்தார்.

'இங்கிஹ், தாங்கள் அறியாததா' என்றிருந்தது அதற்குப் பதில். முதுகைச் சுரண்டிய பின் இதமாக இஞ்சித் தண்ணீர் பருகலாம் என்று உபசாரம் வேறு.

அவளுடைய வாக்கியம். ஒரு எழுத்துப் பிசகாமல். வெனிங் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு அழுதாள். அவள் சொன்ன இங்கிஹ்ஹுக்குப் பின்னால் ஒரு வேன் இருந்தது. மிஷினுக்கு ஏது வேன்? சொல்லைக் கற்றுக்கொடுத்தவள் அதன் கொல்லைப்புறத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. அதைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் பாயுவிடம் போய் நின்றாள்.

"தம்பி, அந்த மாதிரியை எடுத்துடணும். உடம்பு சம்பந்தப்பட்டதுல மிஷின் ஙெயெல் பண்ணத்தான் வேணும். திட்டினாலும் விடக் கூடாது."

"அம்மா, நமக்கு மரியாதை மட்டுந்தானே? ஆபத்தெல்லாம் வேற டீம் பாக்குறாங்க."

"எங்க அப்பாவைக் கொன்னது மரியாதைதான்ப்பா."

பாயு தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பையன், கண் கூடக் கலங்கியது. "இங்கிஹ், அம்மா. மேல சொல்றேன்" என்றான்.

பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைச் சொல்லி வளர்ந்தவளுக்கு அதன் எடை தெரியாதா? "இங்கிஹ் வேணாம்ப்பா. செய்ய முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு."

"இங்கிஹ், அம்மா."

அதன்பிறகு விடாப்பிடியாகப் பேசும் பதில்களுக்கெல்லாம் அவள் முழு மதிப்பெண் போட்டாள். ஒரே பதிலைப் பலர் பார்த்து, பெரும்பாலோர் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஙெயெல் கட்டத்தையே அழுத்திக்கொண்டிருந்தார்கள். துத்திக் கூடத்தான். கொஞ்ச நாளில் அவள் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: உங்கள் மதிப்பெண்கள் பிறருடையதோடு ஒத்துப்போகவில்லை, இணைத்துள்ள மாதிரியை மீண்டும் படிக்கவும். திறந்தாள். அவள் எழுதிய மாதிரிதான்.

நாற்பதாம் நாள் ஓதலுக்கு அண்ணன் வந்தான். ஹாரன் அடிக்கவில்லை. இளைத்துப்போயிருந்தான். பால் வேனை விற்கப்போகிறான் என்று அண்ணி சொன்னாள். எல்லோரும் போன பிறகு, அப்பாவின் நாற்காலி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குண்டு, நீ அதுலதானே வேலை பாக்குற. எனக்கு ஒண்ணு சொல்லு. அவ்வளவு படிச்ச மிஷின் சரின்னு சொல்லிச்சு. அதை நம்பினேன். என் மேல தப்பு இல்லதானே?"

வாயைத் திறந்தாள். பெரியவரிடம் வாயைத் திறந்தால் அவளுக்கு எது முதலில் வருமோ அதுதான் வந்தது.

"இங்கிஹ், அண்ணே."

அவனும் ஜாவாக்காரன்தானே. அந்தச் சொல்லை அவன் எப்படிக் கேட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். வெனிங் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"இல்லண்ணே! அந்த இங்கிஹ் இல்ல. உன் மேல தப்பு இல்ல. அப்பா அதட்டினதும் அது பணிஞ்சுபோச்சுல்ல? அப்படிப் பணியணும்னு அதுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். நீ படிச்சியே, அந்த வரி நான் எழுதினது. நான் அனுப்பின வேனை நானே நிறுத்திட்டேன்."

கியாந்தோ தன் கையை மெல்ல அவள் பிடியிலிருந்து எடுத்துக்கொண்டான். தம்பி தங்கையிடம் யாரும் இங்கிஹ் சொல்வதில்லை. முன்பின் தெரியாதவர்களிடமும் பெரியவர்களிடமும்தான் சொல்வார்கள்.

"இங்கிஹ்" என்றான் அண்ணன். "நேரமாச்சு. நீங்க கதவைச் சாத்திக்குங்க."