சந்தானம் துடைத்த பாதம்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவனில்லை. ஆனாலும் வங்காளத்துக் காளிகாட்டில் ரிப்பன், ஜரிகை, பட்டன் விற்கிற கடை இரண்டு எனக்குச் சொந்தம். இரண்டு போர்டிலும் என் பெயர்தான். எதற்குச் சொல்கிறேன் என்றால், 2009-இல் பன்றிக்காய்ச்சல் வந்து பவானிபூரில் எங்கள் மாதா கோயில் திகைத்து நின்றபோது வழி சொன்னவன் இந்தத் துரைதான். இருந்தாலும் இங்கே எழுதப்போவது என்னைப் பற்றியல்ல. கோயில்பிள்ளை சந்தானத்தைப் பற்றி.

சந்தானம் மணப்பாறைக்காரன். 1990-இல் மச்சானை நம்பி பிஸ்கட் கம்பெனி வேலைக்கு வந்தான். வந்த மாதமே கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். கோயில் வாசலில் தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தவனை உள்ளே கூட்டிப்போய்ச் சாமியார் முன்னால் நிறுத்தியவனும் நான்தான். மணி அடிப்பான், மெழுகுவர்த்தி ஏற்றுவான், வாசல் தொட்டியில் தீர்த்தம் நிரப்புவான். ஆனால் அவனுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் நாள். செப்டம்பர் எட்டு, வேளாங்கண்ணி மாதா திருநாள்.

அன்று கரக்பூரிலிருந்தெல்லாம் தமிழர்கள் வந்து வரிசையில் நின்று மாதாவின் பாதத்தில் முத்தமிடுவார்கள். சந்தானம் பக்கத்திலேயே வெள்ளைத் துணியோடு நிற்பான். ஒரு முத்தம், ஒரு துடைப்பு. பத்தொன்பது வருஷத் துடைப்பில் மாதாவின் பெருவிரலில் பெயின்ட் நிற்பதே இல்லை. அவனேதான் வருஷா வருஷம் பூசுவான். துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவான்.

"அண்ணே, இது லோகோ ஷெட் மாமா. பல்லு பூராப் போயும் வெத்தலைய விடல பாருங்க."

அந்த வருஷம் ஆகஸ்டில் பங்குச் சாமியார் கோமேஸ் பூசையில் அறிக்கை வாசித்தார். வங்காளிதான், ஆனால் எங்களுக்காகத் தமிழ் கற்றவர். தீர்த்தத் தொட்டி காய்ந்திருக்கும். நன்மை அப்பத்தை நாக்கில் அல்ல, கையில் வாங்க வேண்டும். இருமுகிறவர்களுக்கு வீடு தேடி நன்மை வரும். சமாதானம் சொல்லக் கைகுலுக்காமல் நமஸ்காரம் போட வேண்டும். எங்கள் ஆட்கள் மந்திரியைக் கண்டதுபோல் கையைத் தலைக்கு மேலேயே தூக்கிவிட்டார்கள். கடைசியாகச் சொன்னார்: "திருநாளில் பாதத்துக்கு முத்தம் கிடையாது."

மறுநாள் காலையில் சந்தானம் அதே தகரப்பெட்டியோடு என் கடைக்கு வந்து நின்றான்.

"என்னடா, எங்க கிளம்பிட்ட?"

"ஊருக்குண்ணே. முத்தமே இல்லன்னா தொடைக்க நான் எதுக்கு? கயித்தக் கட்டி ஆளத் தள்ளி நிறுத்தச் சொல்றாரு ஃபாதர். அதுக்கு ஒரு போலீஸ்காரன் போதும்."

"பெட்டிய எறக்கி வை. துரை இருக்கும்போது அப்படி விட்டுருவேனா?"

எனக்கு யோசனை வர டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. மாதாவின் பாதத்தில் நீல ரிப்பனைக் கட்டி வாசல் வரைக்கும் இழுத்துவிடுவது. ஜனங்கள் அங்கிருந்தே தொட்டுக் கும்பிடுவது. ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி செசிலியிடம் சொன்னேன்.

"ஊரே ஒரே ரிப்பனத் தொடுமா? அதுக்கு முத்தமே தேவலாம்."

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

ஆக, ரிப்பனைத் துண்டு துண்டாக நறுக்குவது என்று முடிவு செய்தேன். சந்தானம் சோப்புப் போட்டுக் கைகழுவி, ஒவ்வொரு துண்டையும் மாதாவின் பாதத்தில் ஒற்றி, நீட்டுகிற கையில் படாமல் போட வேண்டும். கோமேஸ் சாமியார் கேட்டுவிட்டு, "துரை பாபு, கூப் பாலோ!" என்றார். ரொம்ப நல்லது என்று அர்த்தம். சந்தானமும் பெட்டியை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினான்.

திருநாளன்று என் கடை ரிப்பன் இரண்டாயிரம் துண்டு போயிற்று. கரக்பூர்க்காரர்கள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வாசலில் சிங்காடாவும், அதுதான் வங்காளிகளின் சமோசா, சுடச்சுட விற்றது. லோகோ ஷெட் மாமா சந்தானத்துக்கே ஒரு கும்பிடு போட்டார். கொடி இறங்கியதும் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். சந்தானம் மட்டும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வாடிப்போய் நின்றான்.

"இன்னும் என்னடா குறை?"

சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தான். காலையில் மடித்த மடிப்பு கலையவில்லை.

"ஒரு தடவகூடத் தொடைக்கலண்ணே. பத்தொம்பது வருஷத்துல இப்பிடி ஆனதில்ல. எல்லாரும் போயாச்சு. நீங்க ஒருத்தர் முத்தம் குடுத்தா நோவு யாருக்கு ஒட்டப்போவுது?"

திரும்பிப் பார்த்தேன். கோமேஸ் சாமியார் பீடத்தில் மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்கும். ஏற்கெனவே அணைந்த மெழுகுவர்த்தியை முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு தடவை அணைத்தார்.

குனிந்தேன். அந்த வருஷம் எங்கள் மாதாவின் பாதத்தில் முத்தமிட்டவன் நான் ஒருவன்தான். இதை யாரும் மறுக்க முடியாது.

சந்தானம் துணியை விரித்துப் பெருவிரலிலிருந்து குதிகால் வரை ஆசை தீரத் துடைத்தான். பிறகு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"வாசல்ல சிங்காடா சாப்ட்டீங்களாண்ணே? எண்ணெய் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே, அண்ணிக்குத் தெரியுமா?"